மூன்று சென்டிமீட்டர் இலை

அப்பா சிங்கப்பூரில் டாக்சி ஓட்டிய காலத்தில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அரிசி மூட்டைக்கு மேல்தட்டில், சாலை வழிகாட்டிப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். புதிய பதிப்பு வந்தால் வாங்கிவிடுவார். பழையதை எறிய அவருக்கு மனம் வராது. "ரோடு மாறிவிட்டது, அதற்குப் புத்தகம் என்ன பாவம் செய்தது?" என்பார். 2010இல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்தபோது எண்ணிப் பார்த்தோம். பதினொரு புத்தகங்கள். பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. எனக்குக் கொடுங்கள் என்றேன் நான்.

"உனக்கு எதற்கம்மா? கைப்பேசியில்தான் எல்லாம் வருகிறதே."

"வெட்டி ஒட்டப் போகிறேன் அப்பா."

"வெட்டவா?" என்றவர் வேறொன்றும் சொல்லவில்லை. அடுக்கின் உச்சியில் இருந்த புத்தகத்தை மட்டும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். மீதிப் பத்தும் எனக்கு வந்து சேர்ந்தன.

அன்று தொடங்கிய வேலை இது. பழைய வரைபடத் தாள்களை வெட்டி, கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் படம் செய்வது. கொலாஜ் என்கிறார்கள். ஒட்டுச்சித்திரம் என்று சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. பகலில் கணக்கு வழக்குப் பார்க்கும் வேலை. இரவில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, விரிப்பைப் போட்டு, கத்தியை எடுத்தால் பதினொரு மணிவரை எழுந்திருக்க மாட்டேன்.

முதலில் செய்தது, லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்காவை. இரண்டு பதிப்புகளில் ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு பக்கங்கள் கிடைத்தன. பழையதில் சந்தையின் மேல் 'ஜூஜியாவ் சென்டர்' என்று அச்சிட்டிருந்தது, புதியதில் 'தேக்கா சென்டர்'. 1982இல் சந்தை புதிய கட்டடத்துக்குப் போனபோது, ஹொக்கியென் மொழியில் 'தேக்கா' என்று வழங்கிய அதே சீன எழுத்துகளை மாண்டரின் உச்சரிப்பில் எழுதி அந்தப் பெயரைச் சூட்டினார்கள். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்பது பொருள். 2000இல் மறுபடியும் தேக்கா என்றே மாற்றிவிட்டார்கள். இடைப்பட்ட அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் என் அம்மாவோ, கோழிக்கடைக்காரரோ, அப்பாவின் வண்டியில் ஏறியவர்களோ ஒருவர்கூட 'ஜூஜியாவ்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாளில் ஒரு பெயர், நாவில் ஒரு பெயர். இரண்டு பக்கங்களையும் கீற்றுக் கீற்றாக வெட்டி, பாய் பின்னுவதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னினேன். இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் இந்த வேலையை விடமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோனது.

பெயர் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலையில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலை அக்காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, நம் ஆட்கள் அவற்றில் வேலை செய்தார்கள். கம்பொங் என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் கம்பம் ஆனது. மலாய்க்காரர்கள் கம்பொங் காப்போர் என்றார்கள், காப்போர் என்றாலும் சுண்ணாம்புதான். வரைபடத்தில் மலாய்ப் பெயர் இடம் பிடித்தது. கம்பொங் காப்போர் சாலை இன்றும் இருக்கிறது. சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயரை அப்பாவின் பதினொரு புத்தகங்களில் எதிலும் நான் பார்க்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தை வைத்துச் செய்த படத்தில் அந்தப் பெயரை நானே தமிழில் கையால் எழுதி, வெட்டி ஒட்டினேன். என் படங்களில் என் கையெழுத்து இருப்பது அது ஒன்றில் மட்டும்தான்.

ஒட்டுவேலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பாரிஸில் பிராக்கும் பிக்காசோவும் 1912இல் செய்தித்தாளையும் சுவர்த்தாளையும் ஓவியத்தில் ஒட்டியதிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற மூதாட்டி எழுபத்திரண்டு வயதில் கத்திரிக்கோலை எடுத்து, பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மலர்களை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைபடத்தையே வெட்டியவர்களில் நான் அடிக்கடி நினைப்பது பிரெஞ்சு எழுத்தாளர் கி டெபோரை. 1957இல் பாரிஸ் நகர வரைபடத்தை 19 துண்டுகளாக வெட்டி, வெள்ளைத்தாளில் தள்ளித் தள்ளி வைத்து, சிவப்பு அம்புக்குறிகளால் இணைத்தார். துண்டுகளுக்கு நடுவில் விட்ட வெறும் வெள்ளைதான் அதில் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. நம் ஊரில் கோ பெங் குவான் இருக்கிறார். 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். சீனத் தேயிலை சுற்றி வரும் தாள்களைக்கூட ஓவியமாக்கியவர். கடையில் கிடைக்கும் வண்ணத்தாளை விட்டுவிட்டு, புழங்கிய தாளைத் தேடிப் போவது ஏன் என்பதை அவர் படங்களின் முன் நின்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது தாளைப் பற்றி. இதில்தான் என் பெரும்பகுதி நேரம் போகிறது.

மரத்துக்கு இருப்பதுபோல் தாளுக்கும் நார்ப்போக்கு உண்டு. போக்கோடு கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும். எந்தப் பக்கம் போக்கு என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி ஈரப்படுத்திப் பாருங்கள். அது சுருண்டு குழாயாகும், குழாய் நீளும் திசைதான் போக்கு. இது தெரியாமல் முதல் ஆண்டில் நான் ஒட்டிய படங்கள் எல்லாம் அப்பளம்போல் வளைந்தன. பசை பட்டதும் தாள் போக்குக்குக் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். மேலே ஒட்டினால் கீழேயும் அதே கனமுள்ள தாளை ஒட்ட வேண்டும். இரண்டும் இரு பக்கமும் இழுத்துக்கொண்டு நடுவில் அட்டை தட்டையாக நிற்கும்.

கத்திக்கு 11ஆம் எண் அலகு. நுனி ஊசிபோல் இருக்கும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் தாள் நசுங்கிப் பிசிறு எழும். அலகு மழுங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம். புது அலகு தாளில் சத்தமில்லாமல் போகும், மழுங்கியது கரகரவென்று பேசும். பேச ஆரம்பித்ததும் மாற்றிவிடுவேன்.

பசை விஷயத்தில் அம்மாவோடு எனக்கு நெடுநாள் வாதம். சிறுமியாக இருந்தபோது பட்டத்துக்குச் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியவர் அவர். "அதைவிட என்ன பசை வேண்டும்?" என்பார். மாவுப்பசை நல்லதுதான். மெதுவாகக் காயும், நகர்த்தி வைக்க நேரம் கொடுக்கும், தவறினால் ஈரம் காட்டிப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊரின் புழுக்கத்தில் மாவு என்பது ராமபாணப் பூச்சிக்கு வைத்த விருந்து. காற்றில் எண்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், போதாக்குறைக்குப் பூஞ்சணம். ஒரு மழைக்காலத்தில் இரண்டு படங்கள் முழுக்கப் பழுப்புப் புள்ளி விழுந்து போயின. அதன்பிறகு மீத்தைல் செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துச் செய்யும் பசைக்கு மாறினேன். பூச்சிக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை, பின்னால் பிரிக்கவும் முடியும். வெள்ளைப் பசைப் புட்டிகளை நான் தொடுவதில்லை. காய்ந்தபின் அது தாளை விடாது. திருத்த இடம் தராத பசையை இந்த வேலையில் நான் நம்பமாட்டேன்.

வெயிலும் ஒரு எதிரி. என் முதல் தேக்கா படத்தைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தேன். நான்கு அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலம் தாக்குப்பிடிக்கும். மூன்று ஆண்டுகளில் சாலைகளின் மஞ்சள் போனது. பிறகு பூங்காக்கள். பச்சை என்பது மஞ்சளும் நீலமும் சேர்ந்தது அல்லவா? மஞ்சள் கழன்றதும் பூங்கா ஒவ்வொன்றும் நீலமாகி, ஊருக்கு நடுவே குளம் குளமாகத் தேங்கியது. அந்தப் படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். எறியவில்லை.

இனி, நான் செய்த தவறு.

2014இல் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில், தரையில் விரித்த கோணியின் மேல், நான்கு வரைபடத் தாள்கள் சுருட்டிக் கிடந்தன. சுதந்திரத்துக்கு முந்திய காலத்தவை, 1:25,000 அளவு. விலை பேசவேயில்லை, கேட்டதைக் கொடுத்தேன். (அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துபோனது. அப்படிப்பட்ட தாள் தரையில் கிடக்கும் இடம் இனி எனக்கு இல்லை.) கெட்டியான தாள், பழுப்பேறிய வெள்ளை, ரப்பர்த் தோட்டங்களுக்கு அடித்த மெல்லிய பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இலை. அலுவலகத் தோழி ஒருவருக்குத் திருமணம் வந்தது. ஒரு தாளை எடுத்து மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நாற்பத்திரண்டு இலைகள் வெட்டி, ஒரு மரம் செய்து, சட்டமிட்டுக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருந்தார். டின்னைக் கிளறி ஒரு துண்டை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கண்ணருகில் கொண்டுபோனார்.

"இது செம்பவாங் பக்கமா?"

"ஆமாம். எப்படித் தெரிந்தது?"

"இந்த ஓடை. இதில்தான் உன் மாமா விழுந்தான். மேலே இருக்கிற தாள் எங்கே? எங்கள் வீடு அதில்தான் இருக்கும்."

அம்மா பிறந்தது 1950இல், செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில். தாத்தா அங்கே வேலை செய்தார். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அவருக்கும் வேலை போய், குடும்பம் வெளியேறியது. அந்த வீட்டின் புகைப்படம் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. நான் வாங்கிய தாளில் அந்தக் குடியிருப்பு வரிசை வரிசையான கறுப்புச் சிறு கட்டங்களாக இருந்திருக்கிறது. அதன் குறுக்கே 'நேவல் பேஸ்' என்று ஆங்கில எழுத்துகள், பெரிய பரப்புக்குப் பெயர் எழுதும் முறைப்படி ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளித் தள்ளி. வெட்டியபோது ஓர் இலைக்கு ஓர் எழுத்தாக வந்ததை நான் அழகு என்று நினைத்தேன். எந்தச் சொல்லின் எழுத்துகள் அவை என்று கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை.

அந்த அளவில் நான்கு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். என் இலை ஒவ்வொன்றின் நீளத்திலும் முக்கால் கிலோமீட்டர் நிலம் இருந்தது. அம்மா பள்ளிக்கு நடந்த தூரம் அவ்வளவுகூட இருக்காது.

அம்மா கோபப்படவில்லை. துண்டை டின்னில் போட்டுவிட்டு மறுபடியும் பட்டாணியை எடுத்தார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பச்சை நிறம் வேண்டுமென்றால் பச்சைத்தாள் ஐம்பது காசுக்குக் கிடைக்கும். வரைபடத்தை எடுக்கிறோம் என்றால் அதில் எழுதியிருப்பதற்காக எடுக்க வேண்டும். இன்றும் வரைபடத்தில் வெட்டிய இதயங்களையும் பட்டாம்பூச்சிகளையும் எங்கேனும் கண்டால், அது எந்த ஊர், எந்தத் தெரு என்று முதலில் படித்துப் பார்க்கிறேன். செய்தவரும் படித்திருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு பழந்தாள்களை நான் வெட்டுவதில்லை. மீதி மூன்று தாள்களும் தட்டையான உறையில் உலர்பெட்டிக்குள் இருக்கின்றன. படமெடுத்து, பிராஸ் பசா பக்கம் ஒரு கடையில் பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, அந்த நகலைத்தான் வெட்டுகிறேன். நகலையும் உடனே அல்ல. ஒரு மாதமாவது மேசையில் விரித்து வைத்துப் படிப்பேன். ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதுவேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போய் வேறு ஆண்டு வரைபடங்களோடு ஒப்பிடுவேன். அப்பாவின் சாலை வழிகாட்டிகளை மட்டும் வெட்டுகிறேன். அவை ஆயிரக்கணக்கில் அச்சானவை. ஆனாலும் அவர் பென்சிலால் 'மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்' என்றும் 'பின்வாசல்' என்றும் குறித்த பக்கங்களைத் தொடுவதில்லை.

அப்படிப் படித்துப் படித்துச் செய்ததுதான் பிடோக் படம். நான் செய்ததில் இதுவரை என் மனத்துக்கு நிறைவானது அதுவே.

இந்தத் தீவின் கரை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1830 வாக்கில் நாகூர் தர்காவைக் கட்டியபோது வாசலுக்கு எதிரே கடல். பீச் ரோட்டில் நின்றால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இன்று கேட்க வேண்டியிருக்கிறது. 1960களில் 581 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த நிலம் இப்போது 735ஐ ஒட்டி வந்துவிட்டது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். நான் யோசிக்காமல் விட்டது, அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதை.

1966இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் கடல்தூர்ப்புக்கு மண் கொடுத்தவை பிடோக், சிக்லாப் பகுதியின் குன்றுகள். குன்றை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, கரைக்குக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். மரின் பரேட் குடியிருப்பு முழுவதும் அந்தப் புது நிலத்தின்மேல் எழுந்தது. என் பழந்தாளில் பிடோக் பக்கம் பார்த்தால், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் விரல் ரேகைபோல் நெருங்கி நெருங்கிச் சுற்றுகின்றன. அதற்குத் தெற்கே வெறும் நீலம். அப்பாவின் புத்தகத்தில் அதே இடத்தைத் திறந்தால் கோடே இல்லை, தட்டையான வெளிர்மஞ்சள். நீலம் இருந்த இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள்.

செய்ய வேண்டியது என்னவென்று தாளே சொல்லிவிட்டது. பழந்தாளின் நகலில் குன்றுகளைக் கோட்டோரமாக, ஒவ்வொரு சமவுயரக் கோடாக, உள்ளிருந்து வெளியே வெட்டி எடுத்தேன். நாற்பது இரவுகள் ஆயின. சில வளையங்கள் நூலளவு அகலம்தான், சாமணத்தால் தூக்கினாலே அறுந்துவிடும். எடுத்த வளையங்களை அதே தாளின் நீலத்தில், இன்றைய மரின் பரேட் இருக்கும் இடத்தில், பரப்பி ஒட்டினேன். குன்று இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக அடியில் அப்பாவின் புத்தகத்துப் பக்கம் தெரியும், பிடோக் நியூ டவுன். வெட்டிய இடமும் ஒட்டிய இடமும் ஒரே தாளில். வெளியிலிருந்து எதையும் நான் கொண்டுவரவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கடலில் கிடந்த வளையங்களின் மேல் விரலை ஓட்டி, "இந்த ரோட்டில் எத்தனை தடவை ஓட்டியிருக்கிறேன். மலைமேல் ஓட்டுகிறேன் என்று யாரும் சொல்லவில்லையே" என்றார். மறுநாள் காலை, மடியில் வைத்துக்கொண்ட அந்தப் பதினொன்றாவது புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சென்ற ஆண்டு அந்தத் தோழி செங்காங்கில் புது வீடு வாங்கி எங்களை அழைத்திருந்தார். அம்மாவும் வந்தார். மரம் வாசலுக்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரில் மாட்டியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தோழியிடம் நான் இதுநாள்வரை சொல்லியதில்லை. கொடுத்த பரிசு அவருடையது, திரும்பக் கேட்பதற்கில்லை.

செருப்பைக் கழற்றும்போதே அம்மா அதைப் பார்த்துவிட்டார். உள்ளே போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, ஒவ்வோர் இலையாக மேலிருந்து வந்தார். வலப்பக்கக் கிளையில், தலைகீழாக நான் ஒட்டியிருந்த ஓர் இலையில் நின்றார். அதில் ஆங்கில 'வி' எழுத்து ஒன்று, வளைந்து போகும் ஒரு பாதை, பாதையை ஒட்டி இரண்டு வரிசைக் கறுப்புக் கட்டங்கள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன ஆன்ட்டி தேடுகிறீர்கள்?" என்று கேட்டார் தோழி.

"இரண்டாவது வரிசை, கடைசி வீடு" என்றார் அம்மா. "பக்கத்தில் குழாயடி இருந்தது. அதைப் போடவில்லை."

தோழி என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார். அம்மா உட்காரவில்லை. சட்டத்துக் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, வளைவைப் பிடித்துக்கொண்டு, இலையின் ஓரம்வரை போய், அடுத்த இலை எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தார்.